இடப்பக்கத்து பிரேக்

ஜூன் 3, திங்கள்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி. பாதி வருஷம் வெள்ளைத்தாளாகவே போய்விட்டது. வீணாகக் கிடக்கிறதே என்று இன்று பிரித்தேன். எழுத என்ன இருக்கிறது? குழந்தைவேலு, ஏற்காடு, டிரைவிங் ஸ்கூல், வயது அறுபத்திரண்டு, மனைவி அமிர்தம். மகன் பெங்களூரில். தீபாவளிக்கு வருவான்.

இன்று ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் வெண்ணிலா, முப்பத்தைந்து இருக்கும். நாகலூர் பக்கம் நர்சரி வைத்திருக்கிறார்கள். கணவன் சின்னராசு மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறான். செடிகளைச் சேலத்துக்கு ஏற்றிப்போகும் வேன் வாசலில் சும்மா நிற்கிறது. வாடகை டிரைவர் இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்களாம். ஒருவனும் நிலைக்கவில்லை.

"இந்த மழைக்குள்ள லைசென்ஸ் எடுத்தாகணுங்க சார். மழை போயிட்டா செடிய யாரு வாங்குவா?" என்றாள். எல்.எல்.ஆர். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறாள். டெஸ்ட் ஜூலை முதல் வாரம்.

எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். எந்த கியரில் மலை ஏறுகிறாயோ, அந்த கியரிலேயே இறங்கு. பிடித்து வைப்பது எஞ்சினுடைய வேலை. பிரேக்கை மிதி, விடு, மறுபடி மிதி, விடு. பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்குகிறவன் வண்டி ஓட்டவில்லை, அடுப்பு மூட்டுகிறான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குகிறவனைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, டைரி கெட்டுவிடும்.

"பயமா இருந்தா?" என்று கேட்டாள்.

"நான் பக்கத்துலதானம்மா இருக்கேன்" என்றேன். என் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கீழே ஒரு கம்பி இரண்டு பக்கத்தையும் சேர்க்கிறது. நான் மிதித்தால் அவள் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். முப்பது வருஷமாக இந்த மலையில் கற்றுக்கொண்டவர்களெல்லாம் அந்தப் பெடலை நம்பித்தான் தைரியமாக ஸ்டியரிங் பிடித்தார்கள்.

ஜூன் 5, புதன்

வெண்ணிலாவுக்குக் கை நன்றாக வருகிறது. கால்தான் சரியில்லை. பிரேக்கை விடவே மாட்டேன் என்கிறாள். ஏரி ரோட்டில் சமதளத்திலேயே வண்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு போகிறது.

"கால எடும்மா."

"எடுத்துட்டேனுங்க சார்."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். சாயங்காலம் வரும் காலேஜ் பையனும் இதே பதிலைத்தான் சொன்னான். இப்போதெல்லாம் யாரிடமும் பொறுமை இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் அமிர்தம் என் காலைப் பார்த்தாள். "ஒரு செருப்பு எங்கங்க?" வலது காலில் செருப்பு இல்லை. காரிலேயே கழன்று கிடந்தது. அங்கிருந்து வீடு வரை சரளைக்கல். ஏதோ யோசனையில் நடந்து வந்திருக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

மழை. வகுப்பு இல்லை. பிரேக் ஆயில் மாற்றினேன். ஊரெல்லாம் ஈரமாக இருக்கும் இடத்தில் அந்த ஆயில் காற்றிலிருந்தே தண்ணீரைக் குடித்துவிடும். சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்றால், "ஆயில் குறையவே இல்லீங்களே" என்பார்கள்.

ஜூன் 10, திங்கள்

மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழக்கினேன். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் இழுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். சொன்னதைச் சரியாகத்தான் செய்கிறாள், ஆனால் வண்டி நகராமல் அணைந்து அணைந்து போகிறது. பின்னால் பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே எடுத்தா எப்படிம்மா கிளம்பும்?"

"நான் மிதிக்கலீங்க சார். கால் தரையிலதான் இருக்குது. பெடல் தானா கீழ இறங்கி நிக்குது, பாருங்க."

பெடல் தானாக இறங்குமாம். முப்பது வருஷத்தில் எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கிறேன், இது புதுசு. குனிந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

திரும்பி வரும்போது முன்சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. லூர்துசாமி பட்டறையில் விட்டேன். லூர்து என் வயசுக்காரன், கைகளைவிட வாய் அதிகம் வேலை செய்யும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வேலு, பிரேக் பேடு தேஞ்சு தகடாப் போச்சு. மார்ச்லதான மாத்துனோம்?"

"டூப்ளிகேட் மாட்டியிருப்ப."

"எங்கப்பா மேல சத்தியமா ஒரிஜினல்."

"உங்கப்பா போய் இருபது வருஷமாச்சு."

காலிப்பர் சிக்கியிருக்கும் என்று அதையும் கழற்றித் துடைத்தான். சிக்கவில்லை. அப்புறம் வீல் பேரிங் என்றான், மாஸ்டர் சிலிண்டர் என்றான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களின் கால்தான் காரணம் என்று நான் சொன்னதை ஒப்புக்கொண்டான். புதுப் பேட் மாட்டியாகிவிட்டது.

ஜூன் 12, புதன்

அமிர்தம் என் செருப்பைக் கழுவப் போனவள், உள்ளே ஒரு நட்டு ஒட்டிக் கிடந்ததை எடுத்து வந்து காட்டினாள். லூர்து பட்டறையில் விழுந்ததாக இருக்கும். பெருவிரலுக்குக் கீழே புண்ணாகிவிட்டது.

"ரெண்டு நாளா இது மேலயே நடந்திருக்கீங்க. வலிக்கலையா?"

"வேலைல மறந்திருப்பேன்."

அவள் மருந்து போட்டுக்கொண்டே சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், நினைவு வரும்போது. இந்த ஊரில் யாருக்குச் சர்க்கரை இல்லை? டெஸ்ட் எல்லாம் முடியட்டும் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று கடுமையாகப் பேசிவிட்டேன். மேட்டில் ஆறு முறை அணைந்தது. "உனக்கு மலை ஒத்துவராதும்மா. வேனை வித்துட்டு வேற வழி பாருங்க" என்றேன்.

அவள் அழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்: "சார், தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு நாள் நீங்க பின் சீட்டுல உக்காருங்களேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கற்றுக்கொள்கிறவளைத் தனியாக விட்டுவிட்டு வாத்தியார் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஏதாவது ஆனால் யார் மிதிப்பது? நன்றாகத் திட்டினேன்.

சாப்பிடும்போது அமிர்தத்திடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரசம் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 17, திங்கள்

சேலத்துக்கு இறங்கினோம். பாதி வழியில் வண்டி சூடாகிவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. உடம்பு சரியில்லை என்று வகுப்பை ரத்து செய்தேன்.

ஜூன் 19, புதன்

எழுதாமல் விட்டால் நடக்காததாகிவிடும் என்று இரண்டு நாள் பார்த்தேன். ஆகவில்லை.

திங்களன்று காலை நல்ல மூடுபனி. உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கினோம். இரண்டாவது கியர். வெண்ணிலா வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, உள்ளே வளைத்து ஒழுங்காகத்தான் வந்தாள். நான்தான் விடவில்லை. "பிரேக்க விடு, பிரேக்க விடு" என்று கத்திக்கொண்டே வந்தேன். அவள் பதில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். பதினான்காவது கொண்டை ஊசியில் கருகல் வாசனை வந்தது. பதின்மூன்றில் புகை.

அதற்கு அடுத்த இறக்கத்தில் அவள் மிதித்தாள், வண்டி நிற்கவில்லை. "சார், பிரேக் பஞ்சாட்டம் போகுது" என்றாள். முதல் கியருக்கு மாற்றினாள். எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்தது. நான் சொல்லாமலேயே செய்தாள்.

அப்போது நானும் என் பிரேக்கை மிதித்தேன், இருந்த பலத்தையெல்லாம் போட்டு. உடனே எஞ்சின் உறுமல் நின்றது. வண்டி கட்டு அறுந்த மாதிரி ஓடியது. எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் வெள்ளைப் பனி. நான் இன்னும் அழுத்தினேன், வேகம் இன்னும் கூடியது.

"சார், உங்க கால் கிளட்ச்சுல இருக்குது. எடுங்க."

இல்லை என்று சொல்ல வாய் திறந்துகொண்டே குனிந்து பார்த்தேன். என் வலது கால் கிளட்ச் மேல் இருந்தது, தரை வரை அழுத்தியபடி. எஞ்சினின் பிடியை நானே விடுவித்து, அந்தப் பெண்ணைப் பள்ளத்தாக்கை நோக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். எடு என்று நினைத்தேன். எடுத்தேனா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கினேன்.

எஞ்சின் மறுபடி பிடித்தது. அவள் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கச் சுவரோடு உரசி வண்டியை நிறுத்தினாள். இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. அவ்வளவுதான்.

இறங்கினோம். சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். "ஊத்தாதம்மா, சூட்டுல டிஸ்க் வெடிச்சிரும். தானா ஆறட்டும்" என்றேன். இது எனக்குத் தெரிகிறது பாருங்கள். டிஸ்க் பற்றி எல்லாம் தெரிகிறது.

எதிர்ப்பக்கத் தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்தோம். புகை அடங்கியதும் அவளிடம் கேட்டேன். "முன்னாடியே பாத்தியா?"

"மூணாவது நாளே பாத்தேனுங்க. உங்க கால் பிரேக் மேலயே இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க வாத்தியாருங்க. எப்படிச் சொல்றது? பெடல் தானா இறங்குதுன்னு சொன்னேன். நீங்களே குனிஞ்சு பாப்பீங்கன்னு நினைச்சேன்."

வெட்கம் என்பதை எழுதிவிடுகிறேன். வேறு சொல் இல்லை. இவளிடம்தான் வேனை விற்றுவிடு என்று சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

அமிர்தத்திடம் சொன்னேன். "இத்தனை நாளா உங்க கால்ல நான் மருந்து போடுறது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். பார்க்கும்போது தெரிகிறது என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

லூர்துவிடம் ஒரு யோசனை சொன்னேன். என் பக்கத்து பிரேக் அரை விரல் இறங்கினாலும் எரிகிற மாதிரி என் முன்னால் ஒரு பல்பு. கால் போனால் என்ன, கண் இருக்கிறது. லூர்துவுக்கு உற்சாகம். இதை ஊரெல்லாம் விற்கலாம் என்றான்.

ஜூன் 22, சனி

புதுப் பேட், புது ஆயில், பல்பு. லூர்து டிஸ்க்கையும் மாற்றிவிட்டான், சூட்டில் நீலம் பாரித்திருந்தது. வெண்ணிலா வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். மலைப்பாதை வேண்டாம், ஏரியைச் சுற்றலாம் என்றேன்.

காலை உள்ளுக்கு இழுத்து, குதிகாலை சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பார்த்துத்தான் வைத்தேன். ஏரி முனை திரும்புவதற்குள் பல்பு எரிந்தது. காலைப் பார்த்தேன், முன்னால் போயிருந்தது. இழுத்து வைத்தேன். ரோட்டைப் பார்த்தால் பல்பு எரிகிறது. பல்பைப் பார்த்தால் ரோடு தெரியவில்லை. எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் அகலமாகத் திரும்பி வந்ததை நான் கவனிக்கவே இல்லை, அவள்தான் ஒதுங்கினாள். பக்கத்தில் இருக்கிறேன் என்று சொன்னவன் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபம் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். போட் ஹவுஸ் முன்னால் நிறுத்தச் சொல்லி, இறங்கி, பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். லூர்துவுக்கு போன் செய்து வரச் சொன்னேன். அவன் எண்ணெய்க் கையோடு வந்து என் இடத்தில் உட்கார்ந்தான்.

"நீ காலை எதுலயும் வைக்காத, வாயையும் வைக்காத" என்றேன்.

மேட்டில் நிறுத்தினாள். எடுத்தாள். ஒரு அங்குலம் பின்னால் போகாமல் வண்டி ஏறியது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். மறுபடி ஏறியது. லூர்து திரும்பி என்னைப் பார்த்தான். வெண்ணிலா கண்ணாடியில் பார்த்தாள். அவள் அருமையாக ஓட்டுகிறாள். மூன்று வாரமாக அவள் என்னை இழுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது.

ஜூன் 26, புதன்

பின் சீட்டிலிருந்து மூன்றாம் நாள். மலை இறங்கி ஏறியாகிவிட்டது. அடிவாரத்தில் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், லேசான சூடுதான்.

டாக்டர் மாத்திரை கொடுத்தால் கால் சரியாகிவிடும் என்று லூர்து சொல்கிறான். அவன் சித்தப்பாவுக்குச் சரியானதாம். அதுவரை அவன் என் சீட்டில் உட்காரட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலேஜ் பையனிடம் அடுத்த மாதம் வரச் சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

பாஸ். டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர் வெண்ணிலாவை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னாராம். "நல்லா கத்துக் குடுத்திருக்காங்களேம்மா" என்றாராம். அவள் இதை என்னிடம் சொல்லும்போது நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லட்டு வாங்கி வந்திருந்தாள். சர்க்கரை என்று நினைவு வந்து ஒன்றைப் பாதியாக உடைத்தேன். பிறகு மீதியையும் தின்றேன்.

"திங்கக்கிழமை செடி ஏத்திக்கிட்டு சேலம் போறேனுங்க சார். நீங்களும் அக்காவும் வாங்க, ஆஸ்பத்திரில எறக்கி விடுறேன்." அமிர்தம் சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் கூட்டு.

ஜூலை 8, திங்கள்

வேனில் முன்னால் மூன்று பேர். நான் இடப்பக்க ஓரம். பின்னால் ரோஜாவும் சைப்ரஸும் குலுங்கிக்கொண்டு வந்தன. பாரம் இருந்தால் வண்டி எவ்வளவு தள்ளும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே இன்னொரு கியர் குறைத்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சர்க்கரை அளவைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு என்னைப் படுக்க வைத்தாள். கையில் ஒரு கைப்பிடி, அதன் முனையில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் துண்டு.

"கண்ண மூடிக்கோங்க ஐயா. இதால உங்க பாதத்துல தொடுவேன். தொடுறது தெரியும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க."

கண்ணை மூடினேன். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி கவனமாக இருந்தேன். ஒன்றைக்கூட விடக்கூடாது என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அவள் தொடங்கவே இல்லை. மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"எப்பம்மா தொடங்குவீங்க?" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அமிர்தம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"முடிச்சுட்டேனுங்க ஐயா" என்றாள் டாக்டர். "ரெண்டு காலும் பாத்தாச்சு."

இரண்டு காலும். இடது காலை நான் கணக்கில் வைத்திருந்தேன். இடது காலால் மிதித்துப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அமிர்தத்துக்கும் தெரியாது.

டாக்டர் மாத்திரை தருவதாகச் சொன்னாள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்ப வருவது கஷ்டம், தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கடைசியில்தான் கேட்டேன்.

"வண்டி?"

அவள் ஆஸ்பத்திரிப் பதிவுச் சீட்டில் எழுதியிருந்ததைப் படித்தாள். "டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கீங்க, இல்லீங்களா? அப்ப நீங்களே சொல்லுங்க ஐயா. பாதத்துல உணர்ச்சி இல்லாத ஒருத்தர் கார் கத்துக்கணும்னு உங்ககிட்ட வந்தா, சேத்துக்குவீங்களா?"

"சேக்க மாட்டேன்" என்றேன்.

உடனே சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம் என்று ஊர் திரும்பும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலேஜ் பையனுக்கு போன் செய்தேன். உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல இரண்டு மூன்று பொய்யைத் தயார் செய்திருந்தேன். அவன் "சொல்லுங்க சார்" என்றதும் எல்லாம் போய்விட்டது. "எனக்குக் கால்ல உணர்ச்சி இல்லப்பா. நீ பிரேக்க விடலன்னு திட்டுனேன்ல, அது என் காலு. நீ ஒழுங்காத்தான் ஓட்டுன" என்றேன். "பரவால்ல சார், கால பாத்துக்கோங்க" என்றான்.

மத்தியானம் டிரைவிங் ஸ்கூல் போர்டை இறக்க லூர்து ஏணி கொண்டு வந்தான். நானே மாட்டிய போர்டு, நானே இறக்குகிறேன் என்று ஏறப் போனேன். அவன் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு அவனே ஏறினான். நான் கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "பிடிச்சிருக்கியா?" என்று மேலிருந்து கேட்டான். என் கைகளைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறேன் என்று சொன்னேன்.